கும்பகோணத்தில் இப்போது மனை வாங்குவதா, வாடகையிலேயே இருப்பதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கும்பகோணத்தில் வாடகை வீடு. உங்கள் சம்பளமும், தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளமும் சேர்ந்து மாதம் 46,000. வீட்டுக்காரர் 9,500 ரூபாய் வாடகையை 12,000 ஆக்கச் சொல்கிறார், முடியாவிட்டால் காலி செய்யச் சொல்கிறார். கையில் 7 லட்சம் இருக்கிறது. பைபாஸ் பக்கம் ஒரு லே-அவுட்டில் 1,200 சதுர அடி மனையை, சதுர அடி 1,500 ரூபாய் என்று தரகர் காட்டியிருக்கிறார். கடன் வாங்கி அதை முடிப்பதா, 6 லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் போக்கியத்துக்குப் போவதா, இப்படியே இருப்பதா? கடைசியாக, "இப்போது விட்டால் இனி எந்தக் காலத்திலும் வாங்க முடியாதோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டுக் கடனுக்காக வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பது பல வருடமாக என் வேலை. மண், கட்டடம், அளவு, இன்றைய விலை ஆகியவற்றைப் பற்றி நம்பிச் சொல்வேன். பத்திரத்தின் சட்ட பலத்தை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து வருடம் கழித்து விலை என்ன என்பதை நானும் சொல்ல முடியாது, உங்களிடம் அடித்துச் சொல்கிற தரகரும் சொல்ல முடியாது.

முதலில், மனை விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். நம் பக்கத்தில் சும்மா கிடக்கும் தரிசு குறைவு. ஊரை விட்டு வெளியே வந்தால் வயல்தான். மனை வேண்டுமென்றால் வயல் மனையாக வேண்டும். ஓர் ஏக்கரில் 30 மூட்டை கண்டால் நல்ல விளைச்சல், மூட்டை 60 கிலோ என்றால் 18 குவிண்டால். 2025 செப்டம்பரிலிருந்து அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஆக 45,000. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போக ஒரு போகத்துக்கு 15,000 கையில் நின்றால் பெரிய விஷயம். அதே ஏக்கரை மனையாகப் பிரித்தால், சாலைக்கும் பொது இடத்துக்கும் போக 26,000 சதுர அடியாவது விற்க நிற்கும். உங்களுக்குச் சொன்ன 1,500 ரூபாய் கணக்கில் அது 3 கோடியே 90 லட்சம். இதில் விவசாயிக்குப் போவது ஒரு பகுதிதான். ஆனாலும் அந்தப் பகுதியே அவர் ஆயுசுக்கும் நெல்லில் பார்க்காத பணம். அப்புறம் விற்காமல் என்ன செய்வார்?

நன்செய்யை மனையாக்க நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போகும். அந்தக் காலதாமதமும் செலவும் கடைசியில் மனை விலையில் வந்து ஏறுகின்றன. பலர் என்னிடம் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வீட்டு மனையைத் தடுப்பதில்லை. எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடுதல் மாதிரி பட்டியலில் உள்ள தொழில்களைத்தான் தடுக்கிறது. "டெல்டாவில் இனி மனையே போட முடியாது, இதுதான் கடைசி லே-அவுட்" என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம்.

தேவை கூடியதற்கும் காரணங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. திருவாரூரில் 2009-இல் மத்தியப் பல்கலைக்கழகம், அடுத்த வருடம் மருத்துவக் கல்லூரி. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. 2022-இல் நாகப்பட்டினத்தில் மருத்துவக் கல்லூரி. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் நியோ டைடல் பார்க் திறந்தார்கள். ஒவ்வொன்றும் மாதச் சம்பளக்காரர்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. அவர்களுக்கு முதலில் வேண்டியது வாடகை வீடு. கும்பகோணத்தில் இன்னொன்றும் நடக்கிறது. நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிறவர்களுக்கு அறை விட்டால் ஒரு நாளைக்கே ஆயிரம், இரண்டாயிரம் வருகிறது என்று, குடும்பத்துக்கு விட்டிருந்த வீடுகளை நாள் வாடகை அறைகளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் சிங்கப்பூர், வளைகுடாப் பணம். வெளிநாட்டில் இருப்பவருக்கு மனை என்பது சேமிப்பு, அவர் அதில் வீடு கட்டுவதில்லை. அதனால்தான் பைபாஸ் ஓரம் லே-அவுட் லே-அவுட்டாகக் கல் நட்டுக் கிடக்கிறது, உங்களுக்கு வாடகைக்கு ஒரு நல்ல வீடு கிடைக்க மாட்டேன் என்கிறது. 2028-இல் மகாமகம் வருகிறது. "அதற்குள் விலை இரண்டு மடங்கு" என்கிற பேச்சும் ஓடத் தொடங்கிவிட்டது. மகாமகத்துக்காகச் சாலையும் வசதியும் வரும், சரி. அதனால் பைபாஸ் மனை இரண்டு மடங்காகும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது.

இனி உங்கள் கணக்கு. மனை 18 லட்சம். முழு விலையையும் காட்டிப் பதிந்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 1,62,000. வீடு 800 சதுர அடி போதும் என்று வைத்தாலும், எங்கள் பக்கம் சாதாரண வேலைக்கே இன்று சதுர அடிக்கு 2,300 ரூபாய் வாக்கில் சொல்கிறார்கள். அது 18,40,000. டெல்டாவில் பாறை கிடையாது. ஜல்லியும், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டு மணலும் புதுக்கோட்டை, திருச்சி பக்கமிருந்து லாரியில் வர வேண்டும், அந்த லாரி வாடகை உங்கள் கான்கிரீட்டில் சேர்ந்திருக்கிறது. அப்புறம் மனையை நிரப்புவது, போர், செப்டிக் டேங்க், மின் இணைப்பு, சுற்றுச்சுவர், பிளான் அனுமதி என்று மூன்றரை லட்சமாவது ஆகும். மொத்தம் ஏறக்குறைய 42 லட்சம். உங்களிடம் 7 லட்சம். மீதி 35 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடம் போட்டால் மாதத் தவணை 30,000 ரூபாயைத் தாண்டுகிறது. 46,000-இல் 30,000 போனால் மீதியில் குடும்பம் நடத்த முடியாது. வங்கியும் அவ்வளவு தராது. கைக்கு வரும் சம்பளத்தில் பாதி வரை தவணைக்கு விட்டால் 23,000, அதற்கு 26 அல்லது 27 லட்சம் கிடைக்கும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: உங்கள் மனைவிக்குப் பள்ளியில் சம்பளம் கையில் கொடுக்கிறார்களா, வங்கிக் கணக்கில் போடுகிறார்களா? கையில் வாங்கும் சம்பளத்தைப் பெரும்பாலான வங்கிகள் கணக்கில் எடுப்பதில்லை. அப்படியென்றால் கடன் இன்னும் சுருங்கும். பற்றாக்குறை எட்டு லட்சத்துக்கு நகையை வைத்து, சீட்டு எடுத்து, கைமாற்று வாங்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கும். வீட்டுக் கடனில் மூழ்கிய குடும்பங்கள் என்று நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், வங்கித் தவணையால் மூழ்கவில்லை. இந்தப் பக்கவாட்டுக் கடன்களால் மூழ்கின.

விற்பவர் ஒரு பங்கை ரொக்கமாகக் கேட்டு, பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குப் பக்கத்தில் ஒரு தொகையை மட்டும் பத்திரத்தில் காட்டலாம் என்பார். பதிவுச் செலவு குறையும் என்று அது லாபமாகத் தெரியும். ஆனால் வங்கி பத்திர விலையையும் எங்கள் மதிப்பீட்டையும் வைத்துப் பார்த்து, எது குறைவோ அதன் மேல்தான் கடன் தரும். பத்திரத்தில் காட்டாத பணம் முழுக்க உங்கள் சட்டைப்பையிலிருந்து போக வேண்டும். நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது. பின்னால் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் லாபம் அதிகமாகத் தெரிந்து வரியும் உங்கள் தலையில் விழும். உங்கள் மாதிரி சேமிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு அது ஒத்தே வராது.

சரி, காத்திருந்தால் என்ன ஆகும்? 12,000 வாடகையே கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 1,44,000. 42 லட்சம் செலவழித்துக் கட்டும் வீட்டுக்கு அது மூன்றரை சதவீதம் கூட இல்லை. நான் மேலே வைத்த கடன் வட்டியோ எட்டரை. அதாவது மாதக் கணக்கில் வாடகை இன்னும் மலிவுதான், உயர்ந்த பிறகும். 23,000 தவணைக்கும் 12,000 வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 11,000. அதை மாதாமாதம் ஏழு சதவீத ஆர்.டி.யில் (மாதாந்தரத் தொடர் வைப்பு) போட்டால் ஐந்து வருடத்தில் 7 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் நிற்கும். அதே காலத்தில் 18 லட்ச ரூபாய் மனை வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 23 லட்சம், 8 சதவீதம் ஏறினால் 26 லட்சத்து 40 ஆயிரம். முதல் கணக்கில் காத்திருந்தவருக்கு லாபம், இரண்டாவதில் கொஞ்சம் நஷ்டம். வாடகையும் நடுவில் ஏறும் என்பதால் இந்த எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான். "இப்போது விட்டால் எப்போதும் முடியாது" என்கிற அளவுக்கு இது இல்லை. ஆனால் அந்த 11,000-ஐ உண்மையிலேயே ஒதுக்கினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒதுக்காமல் செலவாகிவிட்டால் நான் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும்.

விலை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் உறுதி இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. அடுத்து வந்த பணமதிப்பிழப்பும் சேர்ந்து, எங்கள் பக்கம் மனை வியாபாரம் சில வருடம் அசையாமல் கிடந்தது. விலை பெரிதாக விழவில்லை, ஆனால் விற்கவும் முடியவில்லை. 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. பின்னால் 2023-இல் ஏற்றியது, அது நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் புது மதிப்பு வந்தது. வட்டியும் அப்படித்தான். 2020-இல் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரிக்குள் ஆறரைக்குப் போனது, 2025-இல் இறங்கியது. இருபது வருடக் கடனில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பல தடவை வரும். அதனால் தவணையை இன்றைய வட்டிக்கு வைத்துப் பார்க்காமல், இன்னும் ஒன்றரை சதவீதம் கூடினாலும் தாங்குமா என்று பாருங்கள்.

அந்த மனையைப் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் அந்த மாதிரி மனைகளில்தான் என் நாள் போகிறது. முதலில் காகிதம். லே-அவுட் நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் பெற்றதா, 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்கிறதா என்று எண்ணோடு கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையைப் பின்னால் "வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்" என்று சொன்னால் நின்று விசாரியுங்கள். அந்தச் சலுகை 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்பனையாகிப் பதிவான மனைகளுக்காக வந்தது. புதிதாகக் கல் நட்ட லே-அவுட்டுக்கு அது பொருந்தாது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து போட்ட வரைபடம் அங்கீகாரம் ஆகாது. பட்டா தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா என்று பாருங்கள். தாய்ப்பத்திரத்தில் பெண் மக்களின் பங்கு விடுதலை ஆகியிருக்கிறதா என்பதை வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில், தமிழ்நாட்டில் 1989-இலிருந்து அப்போது கல்யாணமாகாத மகளுக்கும், நாடு முழுக்க 2005-இலிருந்து எல்லா மகள்களுக்கும் சம பங்கு உண்டு. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற நிலத்தில், கல்யாணமாகிப் போன அக்கா பத்து வருடம் கழித்து வழக்குப் போடுவது இங்கே சாதாரணம்.

அப்புறம் எஃப்.எம்.பி. என்கிற புல வரைபடம். அதைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நடங்கள். டெல்டாவில் ஒவ்வொரு வயலுக்கும் பாய்ச்சல் வாய்க்கால் ஒரு பக்கம், வடிகால் இன்னொரு பக்கம். லே-அவுட் போடும்போது பாய்ச்சல் வாய்க்காலைக் கூட விட்டுவைப்பார்கள், வடிகாலைத் தூர்த்துச் சாலையாக்கிவிடுவார்கள். வரைபடத்தில் கோடு இருந்து, தரையில் தார்ச் சாலை இருந்தால் அந்த லே-அவுட்டின் மழைநீர் எங்கே போகும்? உங்கள் வாசலுக்குத்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது. அவ்வளவு வேண்டாம், வழக்கமான ஐப்பசி அடைமழையே போதும். மனை பார்க்க நவம்பரில் போங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் ஏற்கெனவே கட்டியிருக்கிற வீட்டுக்குப் போய் வெளிச்சுவரைப் பாருங்கள். ஓதம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் போகிறதா என்று கவனியுங்கள். மழை நாளில் கழிவறையில் தண்ணீர் இறங்குகிறதா என்று அந்த வீட்டம்மாவைக் கேளுங்கள். இந்தக் களிமண் தண்ணீரைச் சீக்கிரம் கீழே இறங்க விடாது, நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். உறிஞ்சுகுழி நிரம்பினால் செப்டிக் டேங்க் எதிர்த்து வரும்.

நிரப்புவதையும் விளக்கிவிடுகிறேன். சாலை மட்டத்துக்கு மூன்றடி பள்ளமாக இருக்கும் 1,200 சதுர அடி மனைக்கு 36 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மண் என்பது வெறும் கணக்கு. மண் அமுங்குவதால் உண்மையில் 45 யூனிட் ஆகும். மூன்று யூனிட் டிப்பரில் பதினைந்து நடை. அந்தச் சவுடு மண்ணின் மேல் அஸ்திவாரம் போடவே கூடாது. அதைத் தாண்டி, பழைய வயல் மண்ணுக்கும் கீழே, அசையாத மண் வரை இறங்க வேண்டும். வயல் மண் கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அந்த ஏற்ற இறக்கத்தில் சாதாரண அஸ்திவாரம் நிற்காது. அடியில் குமிழ் மாதிரி விரிந்த கான்கிரீட் தூண்களை (பைல்) மண்ணுக்குள் இறக்கி, மேலே தரைமட்டத்தில் பிளிந்த் பீம் கட்டி இணைப்பதுதான் இங்கே நம்பகமான முறை. இதற்கு ஒன்றரை, இரண்டு லட்சம் கூடுதலாகக் கேட்பார்கள். நான் மேலே போட்ட 42 லட்சத்தில் இதைச் சேர்க்கவில்லை. மேஸ்திரி "தேவையில்லை சார், நாங்க எத்தனையோ கட்டியிருக்கோம்" என்பார். மூன்றாவது கோடையில் விரிசல் வரும்போது அவர் வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருப்பார்.

போக்கியத்துக்கு வருவோம். 6 லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகை இல்லை, முடிவில் பணம் திரும்பும் என்கிறார்கள். அந்த 6 லட்சத்தை வங்கியில் போட்டால் ஏழு சதவீதத்தில் மாதம் 3,500 வரும். 8,000 ரூபாய் வாடகை பெறும் வீட்டில் அந்த வட்டியை விட்டுக்கொடுத்து இருப்பது உங்களுக்கு லாபம்தான். இதையே வீட்டுக்காரர் பக்கமிருந்து பாருங்கள். அவர் வருடத்துக்கு 96,000 வாடகையை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறார். அதாவது 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். வங்கியில் கிடைத்தால் யாராவது அப்படி வாங்குவார்களா? ஆகவே, அந்த வீடு ஏற்கெனவே எங்கேயாவது அடமானத்தில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். அசல் காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியிருந்தால், அவர் தவணை கட்டாத நாளில் வங்கி வீட்டை எடுக்கும், உங்கள் 6 லட்சம் வரிசையில் பின்னால் நிற்கும். போக்கியம் என்பது சட்டப்படி அனுபவ அடமானம். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கு இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்த பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அதைக் காட்டி வீட்டின் மேல் உரிமை கோர முடியாது. பதிவுச் செலவுக்குப் பயந்து 6 லட்சத்தைப் பணயம் வைக்காதீர்கள். சேமிப்பு ஏறக்குறைய மொத்தத்தையும் ஒரே ஆளிடம் கொடுப்பது என்பதே எனக்கு உறுத்துகிறது.

விலை மலிவாக ஒரு வீடு காட்டினால், அது கோயில் அடிமனையா என்று கேளுங்கள். கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் தெருத் தெருவாகக் கோயில், மடத்து நிலத்தில் வீடுகள் இருக்கின்றன. கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது, தரை கோயிலுடையது. அவர் விற்பதாகச் சொல்வது கட்டடத்தை மட்டும்தான். சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமைகூட 1996 திருத்தத்துக்குப் பிறகு கோயில் நிலத்துக்குக் கிடையாது. அறநிலையத் துறை நியாய வாடகை நிர்ணயித்தால் பழைய பாக்கியும் சேர்ந்து வரும். வங்கிக் கடன் கிடைக்காது. தலைமுறையாக அங்கே இருப்பவர்களின் கஷ்டம் நியாயமானது, அதற்கு அரசு ஒரு வழி காண வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் புதிதாகப் பணம் கொடுத்து அந்தக் கஷ்டத்துக்குள் நீங்கள் நுழையக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒரு வழியைச் சொல்கிறேன். ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று பதினைந்து இருபது அடி அகலத்தில் நூறடிக்கு மேல் நீண்டு போகும் வீடுகள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பார்கள், பெரியவர் போன பிறகு யாரும் வருவதில்லை. இவற்றின் தரை மட்டம் உயரம். தண்ணீர் போகும் வழியைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் தெருவே போட்டார்கள். குடிநீர், சாக்கடை இணைப்பு எல்லாம் இருக்கும். மொத்தமாக வாங்க முடியாவிட்டாலும், கொல்லைப் பக்கத்துக்குத் தனி வழி இருந்தால் அந்தப் பாதியை மட்டும் பிரித்து விற்பவர்கள் உண்டு. சிக்கல் மூன்று. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருக்கும், இடித்தால் தகராறு. மூன்றாவது, கடன். கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருட ஆயுள் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருடம்தான் என்று எழுதினால் வங்கி இருபது வருடக் கடன் தராது. பழுதுபார்த்து ஓட்டை மாற்றி, கட்டையைச் சரிசெய்த வீட்டுக்கு அது கூடும். தேட நேரம் பிடிக்கும், ஆனால் உங்கள் வருமானத்துக்கு எட்டும் வீடு அங்கேதான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

25 லட்சத்துக்குள் கடன், 35 லட்சத்துக்குள் வீட்டு மதிப்பு என்று நின்றால் இன்னொரு லாபமும் உண்டு. 2024-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-இல் வருட வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியம் இருக்கிறது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், ஐந்து தவணைகளில் அதிகபட்சம் 1,80,000. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. தரகர் காட்டிய மனையில் கட்டினால் மதிப்பு 36 லட்சத்தைத் தாண்டிவிடும், மானியம் போய்விடும். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தாக இருந்தால் மனைவி பெயரில் பதியுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

இந்த விலையேற்றத்தில் உங்களை விட மோசமாக மாட்டியிருப்பவர்களையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த இடத்தைச் சொந்தமாக்கியது. டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களின் முதல் சொத்து அதுதான். அதே மூன்று சென்டில் இன்று பேரப்பிள்ளைகளின் குடும்பங்கள் நெருக்கியடித்து இருக்கின்றன. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் தருகிறார்கள், 360 சதுர அடி வீடு கட்டலாம். ஆனால் கட்டுவதற்குத் தன் பெயரில் பட்டா இடம் வேண்டுமே? பக்கத்து வயல் சதுர அடிக் கணக்கில் விற்கும்போது நாற்று நடும் கூலியில் ஒரு சென்ட் கூட வாங்க முடியாது. அரசு நிலம் வாங்கி மனை ஒதுக்குவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம். 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, கும்பகோணம் மாநகராட்சிக்கும் அது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிய வேண்டும். ஒப்பந்த காலத்துக்கு நடுவில், அதில் எழுதாத உயர்வைக் கேட்க முடியாது. வேறு விதமாக ஒத்துக்கொண்டாலொழிய முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. ஆனால் நீங்கள் வாய்ப்பேச்சில் இருந்தால் அது உங்களுக்குத்தான் பாதகம். எழுத்து ஒப்பந்தம் செய்யாததையே காரணம் காட்டி அவர் காலி செய்யக் கேட்கலாம். சண்டைக்குப் போக வேண்டாம். 11,000-க்கு மூன்று வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 5 சதவீத உயர்வு என்று நீங்களே எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள். வருடா வருடம் புது ஆள் தேடி, வெள்ளையடித்து, ஒரு மாதம் காலியாக விடுவதை விட ஒழுங்காக வாடகை தரும் குடும்பம் நிலையாக இருப்பதைத்தான் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் விரும்புவார்கள்.

இந்த மூன்று வருடத்தில் மனைவியின் சம்பளத்தை வங்கி வழியாக வாங்கத் தொடங்குங்கள், மாத வித்தியாசத்தை ஆர்.டி.யில் போடுங்கள், சனி ஞாயிறுகளில் ஊருக்குள் பழைய வீடு தேடுங்கள். 30 லட்சத்துக்குள் காகிதம் சுத்தமாக ஒன்று அமைந்தால், மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே முடியுங்கள். தரகர் காட்டிய மனைக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் அக்ரிமென்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, காலக்கெடு முடிவதற்குள் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பட்டா எண், சர்வே எண் எல்லாம் இங்கே பொதுவில் போட வேண்டாம். ஊர்ப் பெயரும், எந்த வாய்க்கால் பக்கம் என்பதும் சொன்னால் போதும், அந்தப் பகுதி மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.